ஆணின் உச்சக்குரலில் பெண்ணின் புலம்பல்

திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர், அண்ணன்மார் கதையின் தலைமையிடம். பெரியகாண்டியம்மன் கோயிலில் மாசித் திருவிழா நடக்கும்போது வேடபரி என்னும் நிகழ்ச்சியைக் காண நாலா திசையிலிருந்தும் கூட்டம் வருகிறது. வளநாடு, வீரமலை என்று கதையில் வரும் பெயர்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் வழங்கும் பெயர்கள். கொங்கு நாடு முழுவதிலும் திருச்சியின் மேற்குப் பகுதியிலும் அண்ணன்மாரான பொன்னர், சங்கர் இருவரின் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பல இரவுகள் நீளும் அந்தக் கதையில் கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாடுவதும் போரும் எத்தனையோ இருந்தாலும், கூட்டம் காத்திருப்பது படுகளத்துக்குத்தான். அண்ணன்மார் இருவரும் மாண்டு கிடக்கிறார்கள். தங்கை அருக்காணித் தங்காள் காடு மேடெல்லாம் தேடிக்கொண்டு வருகிறாள். அதுவரை வசனமும் பாட்டுமாகச் சொல்லி வந்தவர் இங்கே குரலை மேலே ஏற்றுகிறார். இடுப்பு ஒடுங்கிய உடுக்கையின் கயிற்றை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதன் ஒலியும் கூடவே ஏறுகிறது. மீசை வைத்த ஓர் ஆண், ஒரு பெண்ணின் புலம்பலைத் தன் குரலின் உச்சியில் நின்று பாடுகிறார், கேட்பவர்கள் கலங்குகிறார்கள். இந்தக் கலக்கம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது இல்லை. ஐரோப்பிய இசையில் கவுண்டர்டெனர் என்றொரு குரல் வகை உண்டு. வளர்ந்த ஆண், தன் பேச்சுக்குரலை விட்டு மேலே ஏறி, பெண்களின் தாழ்ந்த குரல் நிற்கும் இடத்தில் நின்று பாடுவது அது. தேவாலயப் பாடகர் குழுக்களுக்குள் ஒதுங்கிக் கிடந்த அந்தக் குரலை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேடைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் டெல்லர் (1912–1979). கேன்டர்பரி பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்தவரை இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அடையாளம் கண்டார்; 1946-ல் பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசை தொடங்கியபோது முதல் நாள் நிகழ்ச்சியில் டெல்லரின் குரல் ஒலித்தது. பழைய தேவாலய இசையோடு அவர் நிற்கவில்லை. லூட் என்னும் நரம்புக் கருவியைத் துணையாக வைத்துக்கொண்டு ஆங்கில நாட்டார் கதைப்பாடல்களையும் பாடி இசைத்தட்டாக்கினார். அவற்றுள் ஒன்று, 1611-ல் முதன்முதலாக அச்சேறிய ‘மூன்று அண்டங்காக்கைகள்’. வெட்டுண்ட வீரன் ஒருவன் கேடயத்தின் கீழே வயலில் கிடக்கிறான். அவனைத் தின்னலாமா என்று காக்கைகள் பேசிக்கொள்கின்றன. அவனுடைய நாய்களும் பருந்துகளும் காவல் காக்கின்றன. சூல் கொண்ட பெண்மான் ஒன்று வந்து, இரத்தம் தோய்ந்த தலையைத் தூக்கி, அவனைச் சுமந்து சென்று புதைத்துவிட்டுப் பொழுது சாயும் முன் தானும் சாகிறது. வீரப்பூர்ப் படுகளத்தை அறிந்த எவருக்கும் இந்தக் களம் அந்நியமாகத் தோன்றாது. விழுந்து கிடக்கும் வீரன், தேடி வரும் பெண், நடுவில் கதை சொல்லும் ஓர் ஆணின் உயர்ந்த குரல். இரண்டு நாட்டுப் பாடகர்களும் ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஒரே வகையான கதைக்கு ஒரே வகையான குரல் வாய்த்திருக்கிறது, கேட்டவர்களும் ஒரே மாதிரி உருகியிருக்கிறார்கள்.

இதற்கு எளிதாகக் கிடைக்கும் விளக்கம், ஆண் பெண்ணைப் போல் பாடும் அதிசயம் என்பது. அந்த விளக்கம் நெடுந்தூரம் போகாது. அதிசயம் கைதட்டலைத் தரும், கண்ணீரைத் தராது. அதுவும் முதல் தடவை மட்டுமே தரும். என் முடிவு வேறு. கதைப்பாடலில் அழுபவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர். அந்த இடைவெளி கேட்பவரின் காதுக்கு ஒவ்வொரு கணமும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பாடுகிறவரே தன் துக்கத்தைக் கொட்டுவதாகத் தோன்றினால் நாம் அவரை வேடிக்கை பார்க்கத் தொடங்குவோம், அல்லது அவருக்கு ஆறுதல் சொல்ல நினைப்போம். துக்கம் பாடுகிறவருடையது இல்லை, அங்கே உடலோடு நிற்கிற எவருடையதும் இல்லை என்று தெரியும்போதுதான் அதை ஏந்திக்கொள்ளும் பொறுப்பு கேட்பவர் மேல் விழுகிறது. ஆணின் உச்சக்குரல் இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டும் குறி. அது பாடுகிறவரின் அன்றாடக் குரலில்லை. கதையில் வரும் பெண்ணின் குரலுமில்லை. உரிமையாளர் இல்லாத அந்தக் குரலுக்குள் கேட்பவர் தம் சொந்த இழப்போடு நுழைந்துவிட முடிகிறது.

இதற்கு எதிராக முதலில் வருவது உடலியல் வாதம். பிறந்த குழந்தையின் அழுகை ஏறத்தாழ 400 முதல் 500 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. மனிதக் காது அந்த உயரத்தில் வரும் குரலைக் கேட்டதும் பதறும்படி பழகியிருக்கிறது. உச்சத்தில் பாடினால் நெஞ்சு இளகுவது இயற்கை, இதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பார்கள். அந்த இயற்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே உயரத்தில் ஒலிக்கும் நாகசுரத்தைக் கேட்டு எந்தக் கல்யாண வீடும் அழுவதில்லை. நம் காதுக்கு அது மங்கலம். உற்சவத்தில் காளமும் கொம்பும் உச்சத்தில் முழங்கும்போது கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறதே தவிர ஒப்பாரி வைப்பதில்லை. ஆக, உயர்ந்த ஒலி கேட்பவரின் கவனத்தைப் பிடித்து நிறுத்தும். பிடித்த கவனம் துக்கமாகுமா மகிழ்ச்சியாகுமா என்பதை முடிவு செய்வது கதையும், அதைச் சொல்லும் முறையுமே.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. கவுண்டர்டெனர் பாடும்போது குரல்நாண்கள் நீண்டு மெலிந்து, அவற்றின் விளிம்பு மட்டுமே அதிர்கிறது. உடுக்கடிப் பாடகரோ அடிவயிற்றிலிருந்து, தொண்டையைத் திறந்து, நெஞ்சுக்குரலையே விடாமல் மேலே தள்ளுகிறார். முன்னது மென்மையானது, பின்னது கிழித்துக்கொண்டு போவது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சரியா? செய்முறை வேறு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அவை போய்ச் சேரும் இடத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் கட்டைக் கணக்கில் ஒரு கட்டைச் சுருதி சுமார் 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை சுமார் 196. ஐந்து கட்டையில் பாடுகிறவர் தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டால் ஏறக்குறைய 588 ஹெர்ட்ஸில் நிற்கிறார். கவுண்டர்டெனர்கள் உலவும் மேல்தளம் அதுதான். பழைய நாடக மேடையின் ராஜபார்ட் நடிகர்களுக்கு நாலு, நாலரை, ஐந்து கட்டை என்பதெல்லாம் அன்றாடப் புழக்கம். மெல்லிய விளிம்பால் எட்டினாலும், முழு நெஞ்சால் எட்டினாலும், அந்த இடத்தில் ஓர் ஆணின் குரல் தன் பேச்சின் அடையாளத்தை விட்டுவிடுகிறது. வயது தெரிவதில்லை, வெகு நேரம் கேட்டால் ஆளும் தெரிவதில்லை. நான் ஒப்பிடுவது கேட்பவரின் நிலையை. தொண்டையின் வேலையை அன்று.

மூன்றாவது மறுப்பை வரலாறு அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டுமானால் உச்சத்தில்தான் பாட முடியும். அது தேவை, அழகியல் இல்லை என்பது அவர்கள் கட்சி. இதற்குச் சான்று தமிழ் மேடையிலும் திருச்சியிலும் நிறைய உண்டு. செங்கோட்டையில் 1906-ல் பிறந்து 1933-ல், 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடியவர். திருச்சி மாவட்டத்துப் பொம்மலப்பாளையத்தில் 1899-ல் பிறந்த முசிறி சுப்பிரமணிய ஐயர், சங்கீத மேடையில் உயர்ந்த சுருதியில் நின்றுகொண்டே சௌக்கமாக, ஒவ்வொரு சொல்லையும் கரைத்துப் பாடியவர். எம்.கே. தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் 1910-ல் பிறந்தாலும் ஆளானது திருச்சியில். எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சனி சபா போட்ட ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதில் மேடையேறி, 1934-ல் ‘பவளக்கொடி’ வழியாகத் திரைக்கு வந்தார். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. மைக்கும் வானொலியும் ஒலிப்பதிவும் ஊன்றிய பிறகு ஆண்குரல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது உண்மை. 1947-ல் சிறை மீண்ட பாகவதரின் படங்கள் பழையபடி ஓடவில்லை. 1950-ல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் பாகவதர் பாணியில் தொடங்கிய டி.எம். சௌந்தரராஜனும் சில ஆண்டுகளிலேயே தம் கனத்த குரலுக்குத் திரும்பிவிட்டார்.

இவ்வளவும் சரி. ஆனால் தேவை மட்டுமே காரணம் என்றால், தேவை போனதும் உச்சக்குரலும் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைய உடுக்கடிப் பாடகரின் முன்னால் மைக் இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் தங்காள் களத்துக்கு வந்ததும் அவர் குரல் மேலேதான் போகிறது. ஐரோப்பாவில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. டெல்லரின் குரல் சிறியது. பெரிய அரங்கை நிரப்பும் வலு அதற்கு இல்லை. அவரை உலகுக்குக் கொண்டுசென்றவை வானொலியும் இசைத்தட்டும். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷோல் 2001-ல் நாட்டார் பாடல்களை மட்டும் தொகுத்து ஓர் ஆல்பம் வெளியிட்டபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் முணுமுணுப்பையும் பிடித்துவிடும் கருவிகள் இருந்தன. அப்படியிருந்தும் தாயும் மகனும் பேசிக்கொள்ளும் ‘லார்ட் ரெண்டல்’ என்ற கதைப்பாடலுக்கு அந்தக் குரலைத்தான் வேண்டினார்கள். கொட்டகையின் தேவை உச்சக்குரலைப் பிறப்பித்திருக்கலாம். அது பிழைத்துக் கிடப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தை நாடக மேடையில் நேரடியாகப் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடம் எல்லாம் சிறுவர்களுக்கே. ஸ்திரீபார்ட் சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் வாழ்க்கையே தடுமாறும், கம்பெனிக்கும் நட்டம். அப்படியொரு கம்பெனியில் வளர்ந்த டி.கே. சண்முகம், குரல் உடைந்து ஆளான பிறகு, 1942-ல் ஔவையாராக மேடையேறினார். முப்பது வயது ஆண், கூன் விழுந்த கிழவியாகப் பாடினார். ஊர் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயர் வைத்தது. இதன் மறுபக்கம் இன்னும் வலுவான சான்று. காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், கிட்டப்பா மறைந்த பிறகு, 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார்; அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்பது அக்காலத்தில் நாடே வியந்த செய்தி. 1941-ல் ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர். ஔவையாகச் சண்முகமும் பாடினார், 1953-ல் சுந்தராம்பாளும் பாடினார். தமிழர் இருவரையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆண் பெண்ணாகப் பாடும்போது மட்டும் நெகிழ்வு பிறக்குமென்றால் நந்தனாரான சுந்தராம்பாள் வென்றிருக்க மாட்டார். இரு திசையிலும் நெகிழ்வு பிறந்தது, ஏனென்றால் இரு திசையிலும் குரலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் அந்த இடைவெளி இருந்தது.

ஸ்ரீரங்கம் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல் பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் நாலாயிரத்தைப் பாடி அபிநயிக்கிறார்கள். நாதமுனிகள் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த மரபில் உச்சமான பகுதி முத்துக்குறி. காதலில் வாடும் மகள், அவளைக் கண்டு கலங்கும் தாய், குறி சொல்லவரும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் ஓர் அரையரே நடத்திக் காட்டுகிறார். அவர் புடவை கட்டுவதில்லை. குரலைப் பெண்குரலாக்குவதும் இல்லை. தலையில் அதே கூம்புக் குல்லாய், கையில் அதே தாளம். மூவரில் எவரும் அரையர் ஆகிவிடுவதில்லை, அரையரும் எவராகவும் ஆகிவிடுவதில்லை. பராங்குச நாயகியாக நின்று ஏங்கிய நம்மாழ்வாரையும் பரகால நாயகியாக நின்று ஏங்கிய திருமங்கை மன்னனையும் அடியார்கள் இப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார்கள். இந்தச் சான்று என் வாதத்தைத் திருத்தவும் செய்கிறது. உச்சக்குரல் இன்றியமையாதது அன்று, இடைவெளியே இன்றியமையாதது. கோயிலில் குல்லாயும் தாளமும் அதைக் காட்டிவிடுகின்றன. வயல்வெளியில் குல்லாய் கிடையாது, திருமாமணி மண்டபமும் கிடையாது. பாடுகிறவர் பக்கத்து ஊர்க்காரர், பகலில் எல்லோரும் பார்த்துப் பேசுகிற ஆள். இரவில் அவர் அந்த ஆள் இல்லை என்று காட்ட அவரிடம் இருக்கும் கருவி குரல் ஒன்றே. பகல் பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் மோகினியாக எழுந்தருளுவதையும், காவிரிக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டையில் இரத்தினாவதியின் பேறுகாலத்துக்குத் தாயாக வந்ததனால் சிவன் தாயுமானவர் ஆனதையும் நினைத்துப் பார்த்தால், ஆணின் வழியே பெண் துயரும் பெண் அன்பும் வருவது இந்த ஊர் மக்களுக்குப் புதிய செய்தியே இல்லை.

சங்கீத உலகத்திலிருந்து ஒரு கண்டனம் உண்டு. மேல் ஸ்தாயியில் குரலை மெலித்துப் பாடுவதைக் கள்ளக்குரல் என்று வித்துவான்கள் ஒதுக்குவார்கள். முழுக்குரலோடு எட்ட முடியாததை ஏமாற்றி எட்டுவது அது என்பது அவர்கள் கருத்து. ராகத்தை விரித்துப் பாடும் கச்சேரிக்கு அந்த விதி பொருந்தும். மூன்று ஸ்தாயியிலும் ஒரே கனம் வேண்டும், கமகம் உடையக் கூடாது. கதைப்பாடலுக்கு அது பொருந்தாது. கதைப்பாடலில் மெட்டு சிறியது. நூற்றுக்கணக்கான அடிகளுக்கு ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். அங்கே ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும், ஒரு பாத்திரம் போய் இன்னொன்று வந்தது தெரிய வேண்டும். குரல் தன் இயல்பான இடத்தைவிட்டு நகர்ந்தது தெரிவது கச்சேரியில் குறை, கதையில் அதுவே சொல்லும் வழி. மேலே போகும்போது உடுக்கடிப் பாடகரின் குரல் ஓரத்தில் கரகரக்கிறது, சில இடங்களில் கீறல் விழுகிறது. அந்தக் கீறலைக் கேட்டுத்தான் கிழவிகள் முந்தானையை எடுக்கிறார்கள்.

கடைசி மறுப்பு ஒன்றுக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். ஒப்பாரி பெண்களின் சொத்து. சாவு வீட்டில் தலைவிரித்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அவர்கள் பாடும் பாட்டுக்கு மேடையும் இல்லை, சன்மானமும் இல்லை. அதே புலம்பலை ஓர் ஆண் பாடினால் கோயில் வாசலில் இடம், மாலை, மரியாதை. பெண்ணின் துயரத்தை ஆணிடம் ஒப்படைத்த இந்த ஏற்பாட்டைப் புகழ்வது, பெண்களை மேடைக்கு விடாத வழக்கத்தையும் சேர்த்துப் புகழ்வது ஆகாதா? அந்த வழக்கம் அநீதி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சபா நாடகங்களில் மயான காண்டத்துச் சந்திரமதியாகப் பெரும்பாலும் ஆண்களே அழுததற்குக் காரணம் கலை நுட்பமன்று, பெண்ணுக்குப் போடப்பட்ட தடை. ஆனால் தடை நீங்கினால் இந்தக் குரல் தேவையற்றதாகிவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. சாவு வீட்டு ஒப்பாரியில் அழுபவளும் பாடுபவளும் ஒருத்தியே; அவள் தன் இழப்பைப் பாடுகிறாள், சுற்றி நிற்பவர்கள் அவளோடு அழுகிறார்கள். படுகளத்தில் அழவேண்டியவள் அங்கே இல்லை. அவளுக்காகக் கேட்பவர்தான் அழவேண்டும். அழுகைக்குரிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். தன்னிடம் நேர்ந்ததைக் கண்டு அழுவதும் பிறரிடம் நேர்ந்ததைக் கண்டு அழுவதும் உண்டென்று உரைகள் பிரித்துக் காட்டும். ஒப்பாரி முதல்வகை, கதைப்பாடல் இரண்டாம்வகை. பெண்கள் உடுக்கை எடுத்து, பொன்னராகவும் சங்கராகவும் கொம்பனை எதிர்த்துக் கர்ஜித்துப் பாடட்டும். அப்போதும் அந்த இடைவெளி இருக்கும், சுந்தராம்பாளின் நந்தனாரில் இருந்ததைப் போலவே.

அப்படியானால் கேட்பவரை வீழ்த்துவது குரலா, தெய்வமா? படுகளத்தில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்தில் சிலர் நினைவிழந்து சாய்ந்துவிடுகிறார்கள். மாண்டவர்களைப் போல அவர்களைக் கிடத்தி, பிறகு தங்காள் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். இது பக்தி, குலவழக்கம். குரலின் திறமைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பக்தியும் குலமும் அங்கே இருக்கின்றன. எல்லோருக்கும் கதை முடிவு தெரியும்; தெரிந்த முடிவுக்காகக் காத்திருப்பதும் கலக்கத்தின் ஒரு பகுதி. ஆயினும் யார் விழுகிறார் என்று பாருங்கள். விழுபவர் கேட்பவர். பாடுகிறவர் விழுவதில்லை, அவர் கை உடுக்கையை விடுவதில்லை, பின்பாட்டுக்காரர் அடியை எடுத்துக்கொடுக்க அவர் அடுத்த அடிக்குப் போகிறார். ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக் 1965-ல் கொங்கு நாட்டு ஓலப்பாளையத்தில் இக்கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிந்தார். பாடிய அதே கலைஞர் கூட்டமில்லாமல் எழுத்தருக்குச் சொன்ன வடிவத்தையும் சேர்த்து ஆராய்ந்து 1982-ல் நூலாக்கினார். சொல்லி எழுதிய வடிவத்தில் கதை இருக்கிறது, தெய்வம் இருக்கிறது, குலம் இருக்கிறது. ஏறி நிற்கும் குரலும் எதிரில் கேட்கும் கூட்டமும் இல்லை. சக்திக்கனல் 1971-ல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதையை வீட்டில் உட்கார்ந்து படித்து நினைவிழந்து சாய்ந்தவர் எவரும் இருக்க மாட்டார்.

திருச்சியைச் சுற்றி இந்தக் குரல் இனி எப்படி நிலைக்கும் என்பது திறந்திருக்கும் கேள்வி. நம் இசைப்பள்ளிகளில் குரலிசையும் தேவாரமும் நாகசுரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மகரக்கட்டுக்குப் பிறகும் மேலே போகும் குரலுள்ள பையனைச் சுருதிப் பெட்டியை வைத்து ஒரு கட்டைக்கும் ஒன்றரைக்கும் இறக்கிவிடுவதே வழக்கம். இறங்காதவன் தானே நின்றுவிடுகிறான். ஐரோப்பாவின் இசைக் கல்லூரிகள் கவுண்டர்டெனர் குரலைத் தனிப் பாடமாக வைத்து, தொண்டை கெடாமல் மேலே போவது எப்படி என்று முறையாகப் பழக்குகின்றன. அந்தப் பயிற்சியில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு; மூச்சும் தொண்டையும் எல்லா நாட்டிலும் ஒன்றே. விடிய விடியப் பாடி நாற்பது வயதில் குரல் தேய்ந்துபோகும் உடுக்கடிப் பாடகருக்கு அது நேரடியாக உதவும். மறுபக்கம், எந்தக் கட்டத்தில் வசனம், எந்தக் கட்டத்தில் பாட்டு, எந்த அடியில் குரல் ஏற வேண்டும், உடுக்கையை எப்போது இறுக்க வேண்டும் என்பதையெல்லாம் வீரப்பூர் வட்டாரத்துக் கலைஞர்களிடமே கற்க வேண்டும். முழுக் கதையையும் அதைக் கேட்கும் கூட்டத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும் வேலையைத் திருச்சி வானொலியும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் கைகோத்து ஒரு மாசித் திருவிழாவிலேயே தொடங்கிவிடலாம். பதிகிறவர்கள் பாடகர் முன்னால் ஒரு மைக்கையும் கூட்டத்தின் நடுவில் இன்னொரு மைக்கையும் வைக்க வேண்டும்.